பேண்டம் கோழி: ஜோடி வாங்கும் முன் காலைப் பாருங்கள்

நாட்டுக்கோழி மட்டுமே மேய்ந்த புறக்கடைகளில் இப்போது பேண்டம் கோழிகளும் திரிகின்றன. உள்ளங்கையில் அடங்கும் செராமா, பஞ்சுப் பொதி போன்ற சில்கி, கால் இருக்கிறதா என்று தேட வைக்கும் ஜப்பானியக் குட்டைக்கால் கோழி எனப் பல வகைகள் சந்தைக்கு வருகின்றன. வளர்ப்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு, வீட்டுக் கொல்லையைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இடம் குறைவாகப் போதும், தீவனச் செலவு குறைவு, பார்க்க அழகு. ஆனால் ஒரு ஜோடியின் விலை நாட்டுக்கோழியைப் போலப் பல மடங்கு.

அந்த விலை கொடுத்து வாங்கியவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வருகிறது. "பன்னிரண்டு முட்டை வைத்தேன், எட்டுதான் பொரித்தது. பொரித்ததிலும் மூன்றுக்குக் கால் நீளம். கலப்புக் கோழியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்." குட்டைக்கால் கோழியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தக் கோழியின் மரபே அப்படித்தான் கணக்குப் போடும். அது தெரியாமல் வளர்க்கும்போதுதான் முட்டையும் பணமும் வீணாகின்றன.

பேண்டம் என்பது தனி ஓர் இனத்தின் பெயர் அல்ல. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் பாந்தன் என்ற துறைமுகம் உண்டு. மிளகு வாங்க அங்கே போன ஐரோப்பியக் கப்பல்காரர்கள், உணவுக்காகச் சிறிய உள்ளூர்க் கோழிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பெயரே பிறகு எல்லாச் சிறு கோழிகளுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பெரிய இனங்களைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சிறிதாக்கிய பேண்டமும் உண்டு. பெரிய உருவமே இல்லாமல் பிறவியிலேயே சிறிய இனங்களும் உண்டு. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவான செராமா இரண்டாம் வகை. அதில் சேவலே அரைக் கிலோவைத் தாண்டாது. நம் ஊர்ச் சிறுவிடையை யாரும் பேண்டம் என்று சொல்வதில்லை. ஆனாலும் சிறிய உடல், குறைந்த தீவனம், தவறாமல் அடை காக்கும் குணம் என்று பார்த்தால், பேண்டம் வளர்க்க நினைப்பவர் வீட்டில் முதலில் இருக்க வேண்டியது இரண்டு சிறுவிடைப் பெட்டைகள்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குட்டைக்காலின் கணக்கு

நான் படித்தது உழவியல். பயிரைப் பார்க்கிறவருக்குக் கோழியில் என்ன வேலை என்று கேட்கலாம். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் கண்ட அதே மரபு விதிதான் கோழியின் காலையும் தீர்மானிக்கிறது.

ஜப்பானியக் குட்டைக்கால் கோழியின் கால் குட்டையாக இருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. ஒவ்வொரு குஞ்சுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வரும். அவற்றில் ஒன்று மட்டும் குட்டைக்கால் பிரதியாக இருந்தால் கால் குட்டையாகும். இரண்டும் சாதாரணப் பிரதிகள் என்றால் கால் நீளமாக வரும். இரண்டுமே குட்டைக்கால் பிரதிகளாக அமைந்துவிட்டால் அந்தக் கரு பிழைக்காது. பெரும்பாலும் அடை வைத்த மூன்று, நான்கு நாட்களிலேயே முட்டைக்குள் இறந்துவிடும்.

ஆகவே உயிரோடு நடமாடும் எந்தக் குட்டைக்கால் கோழியிடமும் ஒரு குட்டைக்கால் பிரதிதான் இருக்கும். இன்னொன்று சாதாரணப் பிரதி. ‘கலப்பே இல்லாத சுத்தக் குட்டைக்கால்’ என்று யாராவது விற்றால், அப்படி ஒரு கோழி இருக்க முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பன்னிரண்டு கருக்கூடிய முட்டைகளை எடுத்துக்கொள்வோம். சேவல், பெட்டை இரண்டும் குட்டைக்கால் என்றால், சராசரியாக மூன்று கரு முட்டைக்குள்ளேயே இறக்கும், ஆறு குட்டைக்கால் குஞ்சு, மூன்று நீளக்கால் குஞ்சு. ஒன்று குட்டைக்கால், மற்றொன்று நீளக்கால் என்று சேர்த்தால், ஆறு குட்டைக்கால், ஆறு நீளக்கால். இந்த மரபணுவால் ஒரு கருவும் சாகாது. இரண்டு முறையிலும் கிடைக்கும் குட்டைக்கால் குஞ்சுகளின் எண்ணிக்கை ஒன்றே என்பதைக் கவனியுங்கள். முதல் முறையில் கூடுதலாகக் கிடைப்பது மூன்று செத்த முட்டைகள் மட்டும். நீளக்கால் இரண்டைச் சேர்த்தால் குட்டைக்கால் குஞ்சு ஒன்றுகூட வராது. ஒவ்வொரு ஈட்டிலும் எண்ணிக்கை முன்பின் ஆகலாம். நாலைந்து ஈடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு நெருங்கி வரும்.

சந்தையில் நீளக்கால் குஞ்சை ‘கழிவு’ என்று ஒதுக்குகிறார்கள், குறைந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். இனப்பெருக்கம் செய்பவருக்கு அது நல்ல வாய்ப்பு. உண்மையான குட்டைக்கால் பெற்றோருக்குப் பிறந்த நீளக்கால் சேவலை வாங்கி, மூன்று நான்கு குட்டைக்கால் பெட்டைகளோடு விடலாம். குட்டைக்கால் சேவல் மிதிப்பதற்குத் தடுமாறும். அதனால் கூமுட்டை அதிகமாகும். நீளக்கால் சேவலுக்கு அந்தச் சிரமம் இல்லை. உடல் அமைப்பு, நிமிர்ந்த வால், கொண்டை ஆகிய மற்றக் குணங்கள் அதனிடமும் இருக்கின்றன. குறைவது காலின் குட்டை மட்டும்தான்.

உங்கள் முட்டை எதனால் பொரிக்கவில்லை என்பதை ஏழாம் நாள் கண்டுபிடிக்கலாம். இருட்டறையில் கைப்பேசி விளக்கின் மீது முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் கருக்கூடாத முட்டை. குறை சேவலிடமோ, சேவல் பெட்டை எண்ணிக்கையிலோ, அடை வைக்கும் முன் முட்டையை நெடுநாள் வைத்திருந்ததிலோ இருக்கலாம். ரத்தம் ஒரு வளையமாக மட்டும் தெரிந்தால் கரு உண்டாகி இறந்திருக்கிறது. குட்டைக்கால் ஜோடியில் நாலில் ஒன்று இப்படி இருந்தால் மரபுக் காரணம் என்று எண்ணிக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் அடை வெப்பத்தையும் முட்டை வைத்திருந்த இடத்தையும் பார்க்க வேண்டும். தெளிவான முட்டையையும் வளையம் விழுந்த முட்டையையும் அன்றே எடுத்துவிடுங்கள். அழுகி வெடித்தால் நல்ல முட்டையும் கெடும்.

இறகு சுருண்டு முன்னோக்கி நிற்கும் கோழிகளிலும் இதைப் போன்ற எச்சரிக்கை தேவை. சுருள் இறகுச் சேவலையும் சுருள் இறகுப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சு சாகாது. ஆனால் நாலில் ஒரு பங்குக் குஞ்சுக்கு இறகு ஒடிந்து உதிர்ந்து மேலே எதுவும் தங்காது. குளிரும் வெயிலும் அதைத் தாக்கும். சுருள் இறகை எப்போதும் சாதாரண இறகுக் கோழியோடுதான் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய செப்ரைட் பேண்டத்தில் வேறு ஒரு சங்கடம். சேவலுக்கும் பெட்டையைப் போன்ற இறகுதான் இருக்கும். பல சேவல்களுக்கு இனவிருத்தித் திறன் குறைவு. முதல் முறை வளர்ப்பவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒரே பஞ்சாரத்து ஜோடி

பேண்டம் விற்பனையில் ‘ஜோடி’ என்ற சொல்தான் பெரிய இடர். பெரும்பாலும் ஒரே ஈட்டில் பொரித்த அண்ணன் தங்கையைத்தான் ஜோடி என்று கொடுக்கிறார்கள். வாங்கியவர் அவற்றின் குஞ்சுகளையும் அதேபோல ஜோடியாக விற்கிறார். நான்கு தலைமுறைக்குள் முட்டை எண்ணிக்கை குறையும், கருக்கூடுதல் குறையும், கோணல் அலகும் வளைந்த விரலும் தலைகாட்டும், சின்ன நோய்க்கும் கோழி மடியும். தொலைவிலிருந்து கொண்டுவந்த அரிய இனம், மாவட்டம் முழுவதும் ஒரே குடும்பமாகிவிடும்.

சேவலை ஓரிடத்திலும் பெட்டைகளை வேறிடத்திலும் வாங்குங்கள். விற்பவரிடம் "இவை ஒரே தாயின் குஞ்சுகளா?" என்று நேராகவே கேளுங்கள். ஒரு சேவலுக்கு நான்கு, ஐந்து பெட்டை போதும். காலில் நிற வளையம் போட்டு, எந்தப் பெட்டையின் குஞ்சு எது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அருகில் அதே இனம் வளர்க்கும் இரண்டு, மூன்று பேர் சேர்ந்தால் ஆண்டுக்கொரு முறை சேவலை வட்டமாக மாற்றிக்கொள்ளலாம்: முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு. செலவு இல்லாத முறை.

சேவலை மாற்றிய மறுநாளே முட்டையை எடுத்து அடை வைக்கக் கூடாது. பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மூன்று வாரம் கழித்து இடும் முட்டையைத்தான் புதுச் சேவலின் முட்டை என்று நம்பலாம். பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்துபோனாலும் இதே கணக்குதான்.

அடைக்கு யாரை வைப்பது

சில்கி நன்றாக அடை காக்கும். ஆனால் அதன் பஞ்சு இறகில் இளங்குஞ்சுகளின் கால் சிக்கிக்கொள்வதுண்டு. செராமாவால் நாலைந்து முட்டைக்கு மேல் மூட முடியாது. அடையையும் குஞ்சு பராமரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் சிறுவிடைப் பெட்டைக்கு நிகர் இல்லை. பத்து, பன்னிரண்டு பேண்டம் முட்டைகளை அது எளிதாக மூடும். காகத்தையும் பூனையையும் எதிர்த்து நிற்கும். பேண்டம் வளர்ப்பவர்கள் சிறுவிடையை விற்றுவிட்டு இன்குபேட்டர் வாங்குவது எனக்குப் புரியாத ஒன்று. சிறுவிடையையே வேகமாக வளரும் கலப்பினத்தோடு கலந்துவிட்டு, அடைக்கு உட்காரும் கோழி கிடைக்கவில்லை என்று அலையும் ஊர்களும் இருக்கின்றன.

இன்குபேட்டர்தான் என்றால் ஒரு விஷயம் கவனிக்கவும். சாதாரணக் கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். பேண்டம் முட்டை சிறியது. பல நேரம் 19, 20 நாளிலேயே ஓடு கீறத் தொடங்கும். 18ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் குஞ்சு சரியான நிலைக்குத் திரும்ப நேரம் இருக்காது. 17ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டிவிட வேண்டும். பெரிய முட்டையையும் சிறிய முட்டையையும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வைப்பதால்தான் கடைசி மூன்று நாளில் குழப்பம் வருகிறது.

பொரித்த குஞ்சு ஒரு கட்டைவிரல் அளவுதான். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் அதில் விழுந்தே செத்துப்போகும். தீவனம் குஞ்சுத் தீவனமாக, நொய் அளவுக்கு உடைந்ததாக இருக்க வேண்டும். வீட்டில் முட்டைக்கோழித் தீவனம் மீதம் இருக்கிறது என்று அதைப் போடாதீர்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் அதிக அளவு சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எட்டு வாரம் கழித்துக் கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கீரை, அசோலா எனப் பழக்கலாம். வளர்ந்த பேண்டம் நாளுக்கு 40 முதல் 60 கிராம் வரை தின்னும். மண்பானையில் சாணியும் பழைய சாக்கும் வைத்து இரவில் கவிழ்த்துப் பிடிக்கும் கரையான், குஞ்சுகளுக்குக் காசில்லாப் புரதம்.

கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சாணம் பிடித்திருந்தால் சிறிதும் போடக் கூடாது. ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழி தாங்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சை அரைக் கிலோ பேண்டம் தாங்காது. விதைப்பு நாட்களில் இன்னும் கவனம் தேவை. மருந்து கலந்த சிவப்பு நிற விதையும் குருணைப் பூச்சிக்கொல்லியும் கோழிக்குத் தானியமாகத்தான் தெரியும். வயலில் இட்ட பிறகு மிஞ்சிய பொட்டலத்தைத் திண்ணையில் வைப்பவர்கள் வீட்டில் பேண்டம் நிலைப்பதில்லை.

மழைக்காலத்தில் குட்டைக்காலும் சில்கியும்

குட்டைக்கால் கோழியின் வயிறு தரையை உரசும். தரை ஈரமானால் வயிற்று இறகு நனைந்து அழுக்குப் படிந்து, மலவாயைச் சுற்றிப் புண்ணாகும். சில்கியின் இறகில் கொக்கிப் பிணைப்பு இல்லை. மழைத்துளி வழிந்து ஓடாமல் ஊறித் தோல்வரை இறங்கிவிடும். சில்கிக்குப் பறக்கத் தெரியாது. மரத்தில் அடையும் சிறுவிடையைப் போலத் தப்பிக்கவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அவற்றைத் திறந்துவிடாமல் கூரைக்கடியில் வைக்க வேண்டும். நெல் உமியோ கடலைத் தோலோ மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பி, ஈரமான பகுதியை அன்றாடம் அள்ளிவிட வேண்டும். ஈரத் தரையில் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். எச்சத்தில் ரத்தம் தெரிந்த அன்றே மருத்துவரைப் பார்த்தால் காப்பாற்றலாம். மறுநாள் என்றால் கடினம். இரவுக் கூண்டின் வலையில் கீரியின் தலை நுழையாத அளவுக்குத்தான் ஓட்டை இருக்க வேண்டும்.

கால் இழுத்தால் எல்லாம் சத்துக்குறை அல்ல

சில்கி, செப்ரைட் போன்ற இனங்களை மேரக்ஸ் நோய் எளிதில் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கோழி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிடும். தின்னும், பார்க்கும், எழ மட்டும் முடியாது. பலர் வைட்டமின் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் ஊற்றிக் காத்திருக்கிறார்கள். வைட்டமின் பி2 குறைவால் விரல் உள்பக்கம் சுருளுவது இளங்குஞ்சுகளில்தான். அதற்கு மருந்து கேட்கும். மேரக்ஸுக்குச் சிகிச்சை கிடையாது. பாதித்த கோழியின் இறகுத் தூசி வழியே நோய் பரவுவதால் அதை உடனே பிரிக்க வேண்டும். தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போட்டிருக்க வேண்டும். விலை பேசும்போதே அது போடப்பட்டதா என்று கேளுங்கள். புதிதாக வாங்கும் எந்தக் கோழியையும் மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்த பிறகே மற்றவற்றோடு விடவும்.

தொழிலாகச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். பேண்டம் குஞ்சின் விலை, அதைப் புதிதாக வாங்க ஆள் வரும்வரைதான் நிற்கும். முட்டைக்கோ கறிக்கோ வாங்குபவர் இல்லாத பறவைக்கு என்ன நேரும் என்பதை 2012இல் கொங்கு மண்டலத்தில் ஈமு வளர்த்தவர்கள் பார்த்தார்கள். தீவனச் செலவை ஈடுகட்டும் அளவுக்குக் குஞ்சு விற்றால் போதும் என்ற கணக்கில் இறங்குபவருக்கு நட்டம் வராது. கடன் வாங்கி இறங்க வேண்டாம்.

வெள்ளைக் கழிச்சலும் நூறு டோஸ் குப்பியும்

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்யக்கூடியது வெள்ளைக் கழிச்சல். இந்தியாவில் 1927இல் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்று பெயர். கோடையில் அதிகம் பரவும். வந்த பிறகு மருந்து இல்லை.

தடுப்பு முறை நாட்டுக்கோழிக்கு உள்ளதுதான். ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப்1 அல்லது லசோட்டா, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையின் அடித்தோலில் ஊசி. பேண்டம் சிறியது என்று பாதி டோஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. உயிர்த் தடுப்பு மருந்தில் உடல் எடைக் கணக்கு இல்லை; ஒரு கோழிக்கு ஒரு முழு டோஸ். இதற்கு மாறாகக் குடற்புழு நீக்க மருந்து எடைக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். நாட்டுக்கோழிக்குக் கொடுக்கும் அளவைச் செராமாவுக்குக் கொடுத்தால் ஆபத்து. கோழியைத் தராசில் வைத்து எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேளுங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே புழு நீக்கம் முடிந்திருக்க வேண்டும்.

எட்டுக் கோழி வைத்திருப்பவருக்கு உண்மையான தடை குப்பியின் அளவுதான். கடையில் கிடைக்கும் சிறிய குப்பியே நூறு டோஸ் கொண்டது. கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயன்படாது. மீதியைக் கொட்ட மனமில்லாமல் ஊசியே போடாமல் விட்டுவிடுகிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதில் இலவசமாகப் போடலாம். எட்டு வாரம் நிரம்பிய எல்லாக் கோழிகளையும் அதற்குக் கொண்டு போங்கள். முகாமுக்கு இடையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு, தெருவில் உள்ள பத்து வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரே குப்பி போதும். நாட்டுக்கோழி, பேண்டம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா வீட்டுக் குஞ்சுகளும் அதில் சேர வேண்டும், ஏனென்றால் நோய் வேலி பார்த்து வருவதில்லை.

குப்பியைக் கடையிலிருந்து ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டு வரவும். விடிந்ததும், வெயில் ஏறும் முன், கோழிகளைப் பஞ்சாரத்திலிருந்து திறக்காமல் வைத்து வீடு வீடாகப் போட்டு முடிக்கலாம். நோய்க் குறி உள்ள கோழி இருக்கும் வீட்டுக்குக் கடைசியாகப் போங்கள். அந்தக் கோழிக்கு ஊசி வேண்டாம். மிஞ்சிய மருந்தையும் காலிக் குப்பியையும் கொதிநீரில் போட்டுவிட்டுப் புதைக்க வேண்டும். போட்ட தேதியை அதே நோட்டில், வளைய நிறத்துக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள்.